கீழே உள்ள பத்தியில் பத்துப் பிழைகள்

அக்காவுக்குத் தொழில் தப்பு செய்வது. கிண்டலுக்குச் சொல்லவில்லை. சம்பளப் பட்டியலில் ‘பயிற்சி ஆசிரியர்’ என்று கௌரவமாகப் போட்டிருந்தாலும், காலை ஒன்பதரைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவர் செய்த வேலை அதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணப் பயிற்சி நூல்கள் போடும் பதிப்பகத்தில் எங்களுக்கு வேலை. ‘கீழே உள்ள பத்தியில் பத்துப் பிழைகள் உள்ளன. கண்டுபிடித்துத் திருத்துக’ என்று ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு பக்கம் வரும். முதலில் பிழையே இல்லாமல் ஒரு பத்தி எழுதி, பிறகு அதில் பத்துப் பிழைகளை எண்ணிப் பதமாக வைப்பவர் அக்கா. அதே அறையில் கணினியில் பக்கம் கட்டுகிற வேலை எனக்கு. அப்போது இருந்தது.

அலுவலகம் முழுக்க அவருக்குத் ‘தப்பக்கா’ என்றுதான் பெயர். வீட்டிலும் கேலிக்குக் குறைவில்லை. மத்தியானம் போன் செய்து, “இன்னிக்கு எத்தனை தப்பு பண்ணினே?” என்று கேட்பார் அவர் கணவர். “முப்பத்தியாறு. சாயந்திரம் நீங்க பண்ற ஒண்ணையும் சேர்த்தா முப்பத்தியேழு, பால் வாங்க மறந்துடாதீங்க” என்பார் அக்கா. இதைச் சொல்லும்போதும் கண் தாளில்தான் இருக்கும்.

தப்பு வைப்பது லேசான வேலை என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ட இடத்தில் ஒரு எழுத்தை மாற்ற யாரால் வேண்டுமானாலும் முடியும். அக்கா தன் வாழ்நாளில் ஒரு தப்பைக்கூடக் கற்பனையாக எழுதியதில்லை. எல்லாம் பிள்ளைகள் நிஜமாகச் செய்தவை. இங்கே வருவதற்கு முன்னால் அவர் ஏழு வருஷம் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை. இதோ நிரந்தரம், அதோ நிரந்தரம் என்று போக்குக் காட்டி, கடைசியில் தாளாளரின் தங்கை மகளுக்கு அந்த இடத்தைக் கொடுத்தார்கள். அங்கிருந்து அக்கா எடுத்துக்கொண்டு வந்தது பிள்ளைகளின் தப்புகளை எழுதி வைத்த மூன்று நோட்டுகள் மட்டும். பிறகு யார் வீட்டுக்குப் போனாலும், “உங்க பையனோட பழைய கட்டுரை நோட்டு இருந்தா எடைக்குப் போட்டுடாதீங்க, எனக்குக் கொடுங்க” என்று கேட்டு வாங்கி, மூன்றைப் பதினாறு ஆக்கினார்.

அந்த நோட்டுகளை நான் புரட்டியிருக்கிறேன். ‘ஆறாம் வகுப்பு. கேள்விக்குறிக்குப் பதில் முற்றுப்புள்ளி. மணி அடித்துவிட்டது, அவசரம்.’ ‘நாலாம் வகுப்பு. எழுத்தின் தலைக்கு மேலே போடுகிற அபாஸ்ட்ரஃபியைக் கீழே போட்டிருக்கிறாள். அதற்குப் பறக்கிற கமா என்று பெயர் வைத்திருக்கிறாளாம்.’ ‘ஏழாம் வகுப்பு. ரன் என்பதற்கு இறந்தகாலம் ரன்டு. நியாயமான தப்பு.’ நியாயமான தப்பு என்று அக்கா ஒரு தனி வகையே வைத்திருந்தார். பிள்ளை யோசித்துச் செய்த தப்பு அது. தெரிந்த விதியைத் தெரியாத இடத்தில் பொருத்திப் பார்க்கிற தப்பு. “இதுக்குப் பாதி மார்க்காவது போடணும்” என்பார். எந்த வாத்தியாரும் போடமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

வைப்பதிலும் கணக்கு உண்டு. ஒரு வாக்கியத்தில் ஒரு தப்புக்கு மேல் கூடாது. அடுத்தடுத்து இரண்டு வந்தால் மூன்றாவது வாக்கியம் சுத்தமாக இருக்க வேண்டும், பிள்ளை மூச்சு விட. வரிக் கடைசியில் கமாவை ஒளித்து வைக்கக் கூடாது. “நாம என்ன திருடனா, ஒளிச்சு வைக்க? கண்ணு முன்னாலதான் வைக்கணும். மெதுவா வாசிக்கிற பிள்ளைக்குத் தட்டுப்படணும், அவ்வளவுதான்.” இப்படி இருபத்தியிரண்டு வருஷம். எங்கள் புத்தகங்கள் ஓடியது யாரால் என்று கேட்டால் விற்பனைப் பிரிவில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் சொல்கிறேன், அந்தப் பதினாறு நோட்டுகளால்.

முதலாளி ஓய்ந்து உட்கார்ந்ததும் மருமகன் மேலாளராக வந்தார். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை. வந்த மூன்றாம் மாதம் ஒரு பிழைதிருத்தும் மென்பொருள் வாங்கினார். இலக்கணம், எழுத்து, நிறுத்தக்குறி, எல்லாவற்றையும் தானே பார்த்துத் தானே திருத்தும். எங்களையெல்லாம் கூட்டி வைத்து, “இனிமே நம்ம புத்தகத்துல ஒரு பிழை இருக்கக் கூடாது, ஒரே ஒரு பிழை!” என்று விரலை ஆட்டினார். அக்கா அந்த வாரம் அங்கே இல்லை. மாமியாருக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரியில் இருந்தார். இருந்திருந்தால் அந்த விரலைப் பார்த்துச் சிரித்திருப்பார், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

“எட்டாம் வகுப்புப் புத்தகம் நாளைக்கு அச்சுக்குப் போகுது. முழுசையும் இதுல போட்டு எடு” என்றார் மாப்பிள்ளை என்னிடம். போட்டேன். ‘அறுநூற்று நாற்பது பிழைகள். அனைத்தையும் திருத்தவா?’ என்று திரை கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன். பதினான்கு நிமிஷத்தில் அறுநூற்று நாற்பதும் காணாமல் போயின. பரவாயில்லையே என்று காபி குடிக்கப் போனேன். பிழை கண்டுபிடிக்கும் புத்தகத்தில் பிழை இருக்கத்தானே வேண்டும் என்று எனக்கு உறைக்கவில்லை. மூடன், வடிகட்டிய மூடன். யார் மேல் எனக்குக் கோபம் வந்தாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை.

அக்கா திரும்பி வந்த அன்று கட்டுப் பிரிக்காத புதுப் புத்தகங்கள் வாசலிலேயே அடுக்கியிருந்தன. ஒரு கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்துப் பின்னாலிருந்து புரட்டினார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். பிறகு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“தம்பி, என் தப்பெல்லாம் எங்கே?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேரும் மாப்பிள்ளையின் அறைக்கு ஓடினோம். பத்துப் பிழை இருக்கிறது என்று மேலே போட்டிருக்கிறோம், கீழே ஒன்றுகூட இல்லை, பின்பக்கத்தில் விடை மட்டும் பத்து இருக்கிறது, புத்தகத்தை அனுப்பாதீர்கள் என்று அக்கா நிதானமாகத்தான் சொன்னார். மாப்பிள்ளை ஒரு நிமிஷம் முகம் வெளுத்தார். அப்புறம் தோளைக் குலுக்கினார். “பதினோரு ஸ்கூல் ஆர்டர் எடுத்தாச்சு. யாரும்மா உட்கார்ந்து வரி வரியாப் பார்க்கப் போறாங்க? பேசாம இருங்க.”

என் வயிற்றெரிச்சலே இதுதான். அந்த ஆள் சொன்னது பலித்தது. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். பதினோரு பள்ளிகள், அத்தனை வகுப்புகள், அத்தனை ஆசிரியர்கள். இதில் பிழையே இல்லையே என்று கேட்டு ஒரு போன் வரவில்லை. ஒரு கடிதம் வரவில்லை. அக்கா மட்டும் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலைப் பார்ப்பார். திட்டுவதற்காவது ஒருத்தர் எழுதமாட்டார்களா என்று அவருக்கு.

நாலாவது மாதம் வந்தது கடிதமில்லை, ஆள். சீருடைச் சட்டையில் கிரீஸ் கறையோடு ஒரு லிஃப்ட் மெக்கானிக். நெஞ்சோடு அணைத்து ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஒரு பரீட்சைத் தாள். வரவேற்பில் இருந்தவள் மேலாளர் அறைக்கு அனுப்பாமல் எங்கள் அறையைக் கைகாட்டிவிட்டாள், புண்ணியவதி.

“எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதுங்க. என் பொண்ணு சொல்றது சரியா தப்பா, அது மட்டும் சொல்லிடுங்க” என்றார்.

மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் பருவத் தேர்வுக்குத் தனியாகக் கேள்வித்தாள் தயாரிக்கச் சோம்பல்பட்டு, எங்கள் புத்தகத்தின் மூன்றாம் மாதிரித் தேர்வை அப்படியே நகலெடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அண்ணனும் தங்கையும் பல் டாக்டரிடம் போகிற பத்தி. பத்துப் பிழை, பத்து மதிப்பெண். அந்தப் பெண் கட்டங்களையெல்லாம் காலியாக விட்டுவிட்டு, கீழே குண்டு குண்டாக எழுதியிருந்தாள். அவள் எழுதிய ஆங்கிலத்தில் ஒரு கமாகூடப் பிசகவில்லை. ‘நான் இதை நான்கு முறை வாசித்தேன். இந்தப் பத்தியில் பிழை எதுவும் இல்லை. தயவுசெய்து கேள்வியைச் சரிபார்க்கவும்.’

அதன் மேல் சிவப்பு மையில் முட்டை. பக்கத்தில், ‘திமிர். பெற்றோர் வந்து பார்க்கவும்.’

அந்தப் பத்து போனதால் முதல் பிரிவுக்கு வேண்டிய மொத்தத்தில் மூன்று மதிப்பெண் குறைந்து, ஒன்பதாம் வகுப்பில் அது கிடையாது, கடைசிப் பிரிவு என்று சொல்லிவிட்டார்களாம். கடைசிப் பிரிவில் படித்தால் அந்தப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு கிடையாது. வெள்ளிக்கிழமை பட்டியலை ஒட்டுகிறார்கள். அன்றைக்குப் புதன்.

“கேட்டா, எல்லாப் பிள்ளைங்களும் பத்தும் கண்டுபிடிச்சிருக்கு, உங்க பொண்ணுக்கு மட்டும் கண்ணு தெரியலையான்னு கேக்கறாங்க” என்றார் மெக்கானிக். “நான் லிஃப்ட் பார்க்கறவன்ம்மா. கோளாறு இருக்குன்னு கூப்பிடுவாங்க. போய்ப் பார்த்தா சில நேரம் ஒண்ணும் இருக்காது. ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு வருவேன். அதுக்கும் கூலி தர்றாங்கம்மா. இவளுக்கு மட்டும் ஏன் முட்டை?”

அக்கா தாளைக் கையில் வாங்கினார். அந்தத் தாளை மறுபடி மறுபடி வாசித்தார். நாலு மாதமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அந்தக் கடிதம் இதுதான். எழுதியவளுக்குப் பதின்மூன்று வயது.

“உங்க பொண்ணு சொல்றதுதாங்க சரி” என்றார். “நாளைக்குக் காலையில ஸ்கூல் வாசல்ல இருங்க. நான் வர்றேன்.”

இந்த விஷயம் மாப்பிள்ளையின் காதுக்குப் போகப் பத்து நிமிஷம் ஆகவில்லை. எங்களைக் கூப்பிட்டார். நான் மன்னிப்பைத்தான் எதிர்பார்த்தேன், எவ்வளவு அப்பாவி பாருங்கள். அவர் ஒரு வெள்ளைத் தாளை அக்காவின் பக்கம் தள்ளினார்.

“அந்தப் பத்தியில பத்துப் பிழை இருக்குன்னு ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்துடுங்க. இது உயர்நிலைப் பிழை, சட்டுனு தெரியாது, அப்படி இப்படின்னு. எந்த வாத்தியாருக்கும் மறுத்துப் பேசத் தெரியாது. உங்களுக்குத் தெரியாத தப்பா?”

பிழையை அழித்தது இவர். அழித்ததை மறைத்தது இவர். இப்போது ஒரு குழந்தை கண்ணைத் திறந்து பார்த்ததற்கு, அதன் கண்ணில் கோளாறு என்று சான்றிதழ் கேட்கிறார். அதையும் யாரிடம் கேட்கிறார்!

அக்கா தாளைத் தொடவில்லை. “இத்தனை வருஷமா நான் வைக்கிற தப்பு, பிள்ளைங்க கண்டுபிடிக்கறதுக்கு சார். பிள்ளைங்களைக் கவுக்கறதுக்கு இல்லை. சரியா இருக்கறதைத் தப்புன்னு எழுத எனக்குத் தெரியாது.”

“அப்ப நாளைக்கு அந்த ஸ்கூலுக்குப் போனா, திரும்ப இங்க வராதீங்க.”

“சரிங்க சார்” என்றார் அக்கா. பஸ் நிறுத்தத்தில் இடம் கேட்டவருக்கு நகர்ந்து கொடுப்பதுபோல அவ்வளவு சாதாரணமாக. பிறகு எங்கள் அறைக்கு வந்து, பதினாறு நோட்டுகளையும் இரண்டு துணிப்பைகளில் அடுக்கத் தொடங்கினார்.

நான் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். மென்பொருளில் போடுவதற்கு முன்னால் இருந்த பழைய கோப்பு என்னிடம் பத்திரமாக இருந்தது. மூன்றாம் மாதிரித் தேர்வை, அக்காவின் பத்துத் தப்புகளோடு, நாலு நகல் எடுத்தேன். “அக்கா, நானும் வர்றேன். அமுக்கினது நான்தானே” என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். “என்னோடது நியாயமான தப்பாக்கா?” என்று கேட்டும் விட்டேன்.

“இல்லை தம்பி” என்றார். “உன்னோடது யோசிக்காத தப்பு. அந்தப் பையைக் கொஞ்சம் பிடி.”

மறுநாள் காலை தலைமையாசிரியையின் அறை. சுவர் முழுக்கக் கேடயங்கள், மேஜை மேல் அந்த வகுப்பின் விடைத்தாள் கட்டு. நான் நடந்ததை ஒப்புக்கொண்டேன். பழைய பக்கத்தையும் புதுப் பக்கத்தையும் அக்கா அருகருகே வைத்தார். தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“இருக்கலாம். ஆனா நூத்துத் தொண்ணூறு பிள்ளைங்க பத்தும் எழுதியிருக்காங்களே?”

“கட்டைக் கொஞ்சம் பிரிக்கலாமாம்மா?” என்றார் அக்கா.

பிரித்தார்கள். அதைப் பார்த்துச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கேள்வியில் இரண்டு வரிசைக் கட்டங்கள். இடப்பக்கம் ‘பிழையான சொல்’, வலப்பக்கம் ‘திருத்தம்’. புத்தகத்தின் பின்பக்கத்தில் வரி எண்ணும் திருத்தமும் மட்டும் இருக்கும். அதை மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள். மூன்றாம் வரியில் சரியாகவே அச்சாகியிருந்த, போகிறாள் என்று பொருள்படும் ‘கோஸ்’ என்ற சொல்லை இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் மனப்பாடமாக ‘கோஸ்’ என்றே எழுதியிருந்தார்கள். கோஸ் என்பதைக் கோஸ் என்று திருத்தியிருக்கிறார்கள். ஐந்தாம் வரியில் இருக்கிற கமாவுக்குப் பதில் அதே கமா. ஒருத்தர் இருவர் இல்லை, கட்டு முழுக்க. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் சரி. பத்துக்குப் பத்து. பல தாள்களில் ‘வெரி குட்’ வேறு.

தலைமையாசிரியை எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இப்ப இதைக் கிளறினா நூத்துத் தொண்ணூறு வீட்டுலேர்ந்தும் சண்டைக்கு வருவாங்க. திருத்தின டீச்சருக்கும் கெட்ட பேரு. ஒரு பொண்ணுக்காக...” என்று இழுத்தார். பிறகு முகம் தெளிந்தது. “மூணு மார்க்தானே குறையுது? கருணை மதிப்பெண்ணா மூணு போட்டுடறேன். முதல் பிரிவுக்கு வந்துடுவா. பிரச்சினை முடிஞ்சுது.”

அந்தப் பெண்ணின் தாளை இழுத்து, முட்டைக்குப் பக்கத்தில் எழுதினார்: ‘கருணை மூன்று.’

மெக்கானிக் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். “போதும்மா, போதும். ரொம்ப நன்றி.” அவரைக் குறை சொல்லமாட்டேன். மகளுக்கு முதல் பிரிவு கிடைத்தது, அவருக்கு அது போதும். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. இல்லாத பிழையைத் திருத்தியவர்களுக்கு வெரி குட், இல்லை என்று சொன்னவளுக்குக் கருணையாம். யாருக்கு யார் காட்டுகிற கருணை?

அக்கா அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பினார். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். முட்டையை அடித்தார். ‘கருணை’யை அடித்தார். ‘மூன்றை’யும் அடித்தார். எதையும் கிறுக்கவில்லை, ஒவ்வொன்றின் மேலும் நேராக ஒரு கோடு. கடைசியில் ‘திமிர்’ என்ற சொல்லுக்கு வந்து, அதன் மேல் மட்டும் இரண்டு கோடு போட்டார்.

“என்ன பண்றீங்க?” தலைமையாசிரியை எழுந்தேவிட்டார்.

“திருத்தறேன்ம்மா. மத்த நூத்துத் தொண்ணூறையும் திருத்துங்கன்னு நான் கேக்கல. அவங்க பாவம், நீங்க சொன்னதைத்தான் செஞ்சாங்க. இவ விடை சரி. இதுக்குப் பத்து. நீங்க போட்டுக் கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா இந்த ரெண்டு பக்கத்தையும் எடுத்துக்கிட்டு நான் வாசல்ல நிப்பேன். பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் காட்டுவேன். எனக்கு இன்னிலேர்ந்து வேலை இல்லை, நிக்க நேரம் இருக்கு.”

இருபத்தியிரண்டு வருஷத்தில் அக்கா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. தலைமையாசிரியை கேடயங்களைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், என் கையிலிருந்த நகல்களைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, ‘பத்து’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழிக்காத குறை.

பெண்ணை வகுப்பிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். இரட்டைப் பின்னல், ஒரு காலுறை மட்டும் கீழே இறங்கியிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போனது, இன்னும் என்ன குற்றம் கண்டுபிடித்தார்களோ என்று. தாளை அவளிடம் நீட்டினார் தலைமையாசிரியை.

“பத்து மார்க் போட்டிருக்கு. முதல் பிரிவுதான். இவங்க எல்லாரும் உனக்காக வந்திருக்காங்க. தேங்க்ஸ் சொல்லு.”

அவள் அவசரப்படவில்லை. அடித்த சொற்களை ஒவ்வொன்றாக வாசித்தாள், அந்தப் பத்தியை வாசித்ததுபோல மெதுவாக. அப்புறம் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

“அதுல தப்பு இருந்துதா, இல்லையா?”

“இல்லைம்மா. ஒண்ணுகூட இல்லை. எழுதினவ நான், எனக்குத் தெரியும்.”

பெண் தலையாட்டினாள். தலைமையாசிரியை விடவில்லை. “தேங்க்ஸ் சொல்லுன்னேன்.”

“எதுக்கு மிஸ்?” என்றாள் அவள்.

அது திமிர் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அக்கா பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.